கிராண்ட் கேன்யன் ஆத்துல மீனை எப்படி எண்ணுறாங்க? அந்த நம்பரை நம்பலாமா?

கேள்விக்குறி:

வணக்கம் மக்களே. கொஞ்ச நாளா கொலராடோ ஆத்தைப் பத்திப் படிச்சுட்டு இருக்கேன், அதுல கிராண்ட் கேன்யன்ல இருக்குற ஹம்ப்பேக் சப்னு ஒரு மீன் அடிக்கடி வருது, தலைக்குப் பின்னாடி பெரிய கூன் வச்ச விசித்திரமான மீன். 1967லயே அழியுற நிலைல இருக்குற இனம்னு லிஸ்ட்ல சேர்த்துட்டாங்களாம், அப்புறம் 2021ல ஒரு படி இறக்கி ஆபத்து கொஞ்சம் கொறைஞ்சிருக்குன்னு மாத்திட்டாங்களாம். என்ன ஆதாரம்னு பாத்தா, லிட்டில் கொலராடோ ஆறு வந்து சேர்ற இடத்தைச் சுத்தி மட்டும் கிட்டத்தட்ட 12,000 பெரிய மீன் இருக்குன்னு போட்டிருக்கு.

என் சந்தேகம் ஒண்ணுதான், யாரு போய் எண்ணினது? அந்த இடம் ஒரு மைல் ஆழப் பள்ளத்தாக்கு, லீஸ் ஃபெர்ரில ராஃப்ட்டை இறக்குனா அடுத்து வண்டி வர்ற கரை 226வது மைல்ல டயமண்ட் க்ரீக்தான்னு சொல்றாங்க, நடுவுல அத்தனை ரேப்பிட்ஸ், மழை பெஞ்சா தண்ணி சேத்துக் கலரு, கை விட்டா கை தெரியாது. இதுல 12,000ன்னு எப்படிச் சொல்றாங்க? குத்துமதிப்பா சொல்றதா இல்ல உண்மையிலேயே ஏதாவது முறை இருக்கா? இந்த ஃபீல்டு தெரிஞ்சவங்க யாராவது புரியுற மாதிரி சொன்னா நல்லாருக்கும், நான் பயாலஜி ஆள் இல்ல.

வலைக்காரன்:

நல்ல கேள்வி தம்பி. மொதல்ல ஒண்ணு, யாரும் எண்ணலை, எண்ணவும் முடியாது. பிடிக்குறாங்க, அடையாளம் போடுறாங்க, விடுறாங்க, மறுபடி பிடிக்குறாங்க, அதுலேர்ந்து கணக்கு போட்டு எடுக்குற நம்பர்தான் அது. கணக்கு பக்கத்தை தரவுதாசன் வந்து சொல்லுவார்னு நெனைக்கிறேன், நான் வேலை எப்படி நடக்குதுன்னு சொல்றேன், வாலண்டியரா போய்ப் பக்கத்துல நின்னு பாத்தது.

இந்த மீனோட கதையே லிட்டில் கொலராடோலதான் இருக்கு. மேல இருக்குற க்ளென் கேன்யன் அணைல 1963ல தண்ணியைத் தேக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் மெயின் ஆத்துல வர்ற தண்ணி அணைக்குப் பின்னாடி இருக்குற லேக் பவல் ஏரியோட ஆழத்துலேர்ந்து வருது, அதனால வருஷம் பூரா ஐஸ் மாதிரி, பல வருஷம் 8லேர்ந்து 12 டிகிரிக்குள்ளதான் இருந்துச்சு. சப் முட்டை பொரிக்கணும்னா சுமார் 16 டிகிரிக்கு மேல வேணும். அதனால மெயின் ஆத்துல வாழுற மீன் கூட முட்டை போட சூடான கிளை ஆத்துக்குப் போகும், அதுதான் லிட்டில் கொலராடோ, லீஸ் ஃபெர்ரிலேர்ந்து 61 மைல் கீழ வந்து சேருது. அதுலயும் மொத்த ஆறும் இல்ல, கடைசி 13, 14 கிலோமீட்டர்தான், அதுக்கு மேல ஷூட் அருவி இருக்கு, மீனால ஏற முடியாது. 2003லேர்ந்து கொஞ்சம் மீனை அவங்களே தூக்கிட்டுப் போய் அருவிக்கு மேல விட்டாங்க, அது தனிக் கதை.

அந்த ஓடைக்கு வசந்த காலத்துல ரெண்டு தடவை, இலையுதிர் காலத்துல ரெண்டு தடவை போறாங்க. ஹெலிகாப்டர்ல சாமான் எல்லாம் இறக்கி, ஆத்தோரம் தனித்தனியா கேம்ப் போட்டு, ஒவ்வொரு கேம்ப்பும் தன் பங்கு ஆத்தைப் பாத்துக்கும். ஹூப் நெட்னு ஒரு வலை, வளையம் வளையமா கம்பி வச்சு, உள்ள போற வழி புனல் மாதிரி, போன மீன் திரும்பி வர வழி தெரியாம நிக்கும். அதுக்குள்ள மீன் தீனி கொஞ்சம் பையில கட்டி வச்சு பாறை ஓரம், சுழல் ஓரம்னு கட்டி விட்டுட்டு வந்துடுவாங்க, மறுநாள் போய் ஒவ்வொண்ணா தூக்கிப் பாக்கணும். கேக்க ஈஸியா இருக்கும். அந்தத் தண்ணில சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி, ப்ளூ ஸ்ப்ரிங்னு ஒரு ஊத்துலேர்ந்து வருது, அழகான நீலப்பச்சைக் கலர், ஆனா பாறை மேலெல்லாம் படிஞ்சு படிஞ்சு கரடா இருக்கும், கால் வச்சா தோல் உரியும், பை தூக்கிட்டு நடக்குறதுக்குள்ள நாக்கு தள்ளிடும்.

மீன் கைக்கு வந்ததும் என்ன இனம், எவ்வளவு நீளம், என்ன எடைன்னு எழுதணும், ரீடரை உடம்பு மேல காட்டணும். ஏற்கனவே டேக் இருந்தா ஸ்க்ரீன்ல நம்பர் வரும். இல்லேன்னா புது பிட் டேக் ஒண்ணு, 12 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய், வயித்துக்குள்ள ஊசில ஏத்திடுவாங்க. அதுல பேட்டரி கிடையாது, ரீடர் பக்கத்துல வந்தா மட்டும் அதுலேர்ந்து கரண்ட் எடுத்துத் தன் நம்பரைச் சொல்லும், அதனால மீன் உயிரோட இருக்குற வரைக்கும் வேலை செய்யும். சப் 30 வருஷத்துக்கு மேல கூட வாழும், இந்த டேக் வேலை 1989ல ஆரம்பிச்சது, அப்போ யோசிச்சுப் பாரு, ஒரு மீனோட பாதி வாழ்க்கை வரலாறு கம்ப்யூட்டர்ல இருக்கும். டேக் தாங்காத ரொம்பச் சின்னக் குஞ்சுன்னா தோலுக்கடில கலர் பொருள் ஒண்ணை ஏத்தி, இந்த ட்ரிப்ல பிடிச்ச கூட்டம்னு மட்டும் அடையாளம் வைப்பாங்க. 200 மில்லிமீட்டர் தாண்டுனாதான் பெரிய மீன் கணக்குல வரும், நீ படிச்ச 12,000 அந்த சைஸுக்கு மேல உள்ளது.

தரவுதாசன்:

வலைக்காரன் அண்ணே கூப்பிட்டுட்டார், வந்துட்டேன் 😄

கணக்கோட அடிப்படை ஸ்கூல் பையனுக்கே புரியும். உதாரணத்துக்கு மட்டும் சொல்றேன், இது உண்மை நம்பர் இல்ல. மொத ட்ரிப்ல 200 மீன் பிடிச்சு டேக் போட்டு விட்டீங்க. அடுத்த ட்ரிப்ல 150 பிடிச்சீங்க, அதுல 30ல டேக் இருக்கு. அப்போ பிடிச்சதுல அஞ்சுல ஒண்ணு டேக் மீன். ஆத்துலயும் அஞ்சுல ஒண்ணுதான் டேக் மீனா இருக்கணும்னு வச்சா, 200 அஞ்சுல ஒரு பங்கு, மொத்தம் 1,000. அவ்வளவுதான்.

இப்போ இதே கணக்கை எப்படிக் கெடுக்கலாம்னு பாருங்க. ஒரு தடவை வலைல மாட்டுன மீன் அடுத்த தடவை வலைப் பக்கமே வராம பயந்துக்குதுன்னு வைங்க, 30க்குப் பதிலா 15 டேக் மீன்தான் வந்துச்சு, உங்க கணக்கு 2,000ன்னு சொல்லும். ஆத்துல ஒரு மீன் கூட கூடலை, ஆனா பேப்பர்ல டபுள் ஆயிடுச்சு. தீனி வச்ச வலைன்னு கத்துக்கிட்டு அதே மீன் திரும்பத் திரும்ப வந்தா இதுக்கு நேர் எதிர், இருக்குறதைவிட கம்மியா காட்டும். ரெண்டு ட்ரிப்புக்கு நடுவுல மீன் செத்தாலும் வெளிய போனாலும் அதுவும் கணக்குல விழும்.

சப்ல இந்தப் போக்குவரத்துதான் பெரிய தலைவலி. சில மீன் லிட்டில் கொலராடோலயே குடியிருக்கும். சில மீன் மெயின் ஆத்துல இருந்துட்டு முட்டை போட மட்டும் வரும், அதுவும் எல்லா வருஷமும் வராது, ஒரு வருஷம் வந்தா இன்னொரு வருஷம் லீவு போடும். அதனால ஒரு வசந்தத்துல வலைல கம்மியா விழுந்தா மீன் கொறைஞ்சுதா இல்ல இந்த வருஷம் நிறைய மீன் வீட்டுலயே தங்கிடுச்சான்னு பிரிக்கணும். அதுக்காகவே மெயின் ஆத்துல சங்கமத்துக்குக் கொஞ்சம் கீழ தனியா ஒரு இடத்துல மீன் பிடிச்சு, ரெண்டு இடத்து டேக் நம்பரையும் ஒண்ணா சேர்த்து, எந்த சைஸ் மீன் எங்க எவ்வளவு வளருது, எவ்வளவு சாகுது, எவ்வளவு இடம் மாறுதுன்னு ஒரே மாடல்ல போட்டுப் பாக்குறாங்க. சூடான கிளை ஆத்துல சீக்கிரம் வளரும், குளிர்ந்த மெயின் ஆத்துல மெதுவா வளரும், அந்த வித்தியாசமே டேட்டால தெளிவா வரும்.

அதனால கேள்விக்குறி, 12,000ன்னு படிச்சா அதைச் சுத்தி ஒரு ரேஞ்ச் இருக்குன்னு எடுத்துக்கணும். நியூஸ்ல அந்த ரேஞ்சை வெட்டிட்டு நடு நம்பரை மட்டும் போடுவாங்க, எனக்கு அதுதான் எரிச்சல்.

சும்மா_படிப்பேன்:

தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா இது ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் பாக்குற கதையாத்தானே இருக்கு? இவ்வளவு டெக்னாலஜி வந்தாச்சு, அண்டர்வாட்டர் கேமரா, சோனார், ட்ரோன்னு எவ்வளவு இருக்கு, எதுக்கு இன்னும் வலையைக் கட்டிட்டு கால்ல தோல் உரிஞ்சுட்டு இருக்காங்க? அப்புறம் வயித்துல ஊசி போட்டா மீனுக்கு நல்லதா அது?

தரவுதாசன்:

சோறு பதம் பாக்குறது பானை சமமா வெந்திருந்தாதான் சார் சரி. இந்தப் பானைல ஒரு ஓரம் வெந்திருக்கு, ஒரு ஓரம் பச்சை அரிசி, பிரச்சனையே அதான் 🙂

ட்ரோன், கேமராவுக்கு தண்ணி தெளிவா இருக்கணும். அணைக்குக் கீழ லீஸ் ஃபெர்ரி வரைக்கும் தெளிவுதான், ஏன்னா மண்ணு எல்லாம் ஏரிலயே தங்கிடுது. லீஸ் ஃபெர்ரி தாண்டுனதும் பரியா ஆறு கலக்குது, அப்புறம் லிட்டில் கொலராடோ கலக்குது, கோடை மழைக்கு ஒரு வெள்ளம் வந்தா போதும், நாள்கணக்குல சாக்லேட் கலர்தான். சோனார் சேத்துல கூட பாக்கும், ஒத்துக்குறேன், ஆனா ஒரு நிழல் போகுதுன்னு சொல்லும், அது சப்பா இல்ல ஃப்ளானல்மவுத் சக்கர்ங்குற வேற மீனான்னு சொல்லாது, போன வருஷம் பாத்த அதே மீனான்னு சத்தியமா சொல்லாது. எத்தனைன்னு தெரியணும்னா ஏன் கூடுது ஏன் கொறையுதுன்னும் தெரியணும், அதுக்கு ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பேர் வேணும், அதான் டேக்.

வலைக்காரன்:

ஊசி விஷயத்துக்கு நான் சொல்றேன். மீனைத் தண்ணிக்கு வெளிய வைக்குற நேரத்தை முடிஞ்ச அளவு கொறைப்பாங்க, வெயில் ஏறுனா பக்கெட் தண்ணிய மாத்திக்கிட்டே இருப்பாங்க. ஆனாலும் அடிக்கடி கைல எடுக்குறது மீனுக்கு நல்லதில்லைங்குறது உண்மைதான், அதை அங்க வேலை பாக்குறவங்களே சொல்லுவாங்க. முன்னாடி ட்ராம்மல் நெட்னு ஒரு வலை போட்டாங்க, மீன் செவுள் சிக்கி அடிபடும், அதைக் கொறைச்சுட்டு ஹூப் நெட் பக்கம் வந்தது அதனாலதான்.

இப்போ இன்னும் நல்ல வழி வந்திருக்கு. ஆத்துக்கு அடில ஆன்டெனா போட்டுடுறாங்க. லிட்டில் கொலராடோல நிரந்தரமா ஒரு செட் கட்டுனாங்க, அது போக கைல தூக்கிட்டுப் போய் தண்ணிக்குள்ள போடுற மாதிரியும் இருக்கு. டேக் போட்ட மீன் அது மேல நீந்திப் போனா நம்பர் பதிவாயிடும், யாரும் தொடவே வேண்டாம். இதுல என்ன லாபம்னா வலைக்குப் பழகி ஏமாத்துற பெரிய கிழட்டு மீன் எல்லாம் ஆன்டெனால மாட்டிக்கும், வலை டேட்டாவை மட்டும் வச்சா அது செத்துப் போச்சுன்னுல்ல நெனைப்போம். ஆனா ஆன்டெனா டேக் இல்லாத மீனைப் பாக்காது, நீளம் எடை சொல்லாது, அதனால வலையை விட முடியாது, ரெண்டும் சேர்ந்தாதான்.

தூண்டில்ராஜா:

நான் லீஸ் ஃபெர்ரி பக்கம் ட்ரவுட் பிடிக்கப் போற ஆளு, எல்லாரும் சப் சப்னே பேசுறீங்க, ட்ரவுட் பத்தி ஒருத்தரும் வாய் தெறக்கலை. அணைக்குக் கீழ 15 மைல் உலகத்தரமான ரெயின்போ ட்ரவுட் இடம், அங்க கணக்கெடுக்குறது ஹூப் நெட் இல்ல, ராத்திரில எலக்ட்ரோஃபிஷிங். படகு முன்னாடி லைட் அடிச்சு, ஜெனரேட்டர்லேர்ந்து தண்ணிக்குள்ள கரண்ட் விடுவாங்க, மீன் கொஞ்ச நேரம் மயங்கி மேல வரும், முன்னாடி நிக்குறவங்க கை வலைல அள்ளிப் போடுவாங்க. ஏன் ராத்திரின்னா அப்போதான் மீன் கரையோரம் ஒதுங்கும். இதுல ட்ரவுட்டுக்கு முதுகெலும்பு அடிபடுறது உண்டு, நான் சொல்லல, அந்தத் துறைல எல்லாருக்கும் தெரியும். எங்களை மாதிரி ஆளுங்கள்ட்ட வந்து எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டீங்க எத்தனை விழுந்துச்சுன்னு கேட்டு எழுதிட்டுப் போறாங்க, அதுவே போதாதா?

தரவுதாசன்:

போதாது தல. உங்க டேட்டா நல்ல டேட்டாதான், வருஷக்கணக்கா எடுக்குறாங்க. ஆனா தூண்டில்ல விழுறது பசில இருக்குற, கடிக்குற சைஸ் மீன். இந்த வருஷம் பொரிச்ச குஞ்சு எத்தனைன்னு தூண்டில் சொல்லாது, அடுத்த ரெண்டு மூணு வருஷத்துக்கு ஆறு எப்படி இருக்கும்னு சொல்றது அந்தக் குஞ்சுதானே.

எலக்ட்ரோஃபிஷிங்ல எனக்கு வேற ஒரு குறை. லீஸ் ஃபெர்ரிலேர்ந்து கீழ வரைக்கும் அரிசோனா கேம் அண்ட் ஃபிஷ்னு அந்த மாநில மீன், வனவிலங்குத் துறை ஆளுங்க ராஃப்ட்ல போய் வழி நெடுக இடத்தை ராண்டமா தேர்ந்தெடுத்துக் கரண்ட் போட்டுப் பாக்குறாங்க, 2000லேர்ந்து நடக்குது, இத்தனை நேரம் கரண்ட் போட்டா இத்தனை மீன்னு ஒரு கணக்கு. ட்ரவுட் அதுல ஈஸியா மாட்டும், சப் அவ்வளவு மாட்டாது. தண்ணி கலங்கலா இருந்தா மயங்குன மீன் கண்ணுக்கே தெரியாது, அள்ள முடியாது. அப்போ ஒரு வருஷம் மழை ஜாஸ்தின்னா மீன் கம்மின்னு வரும். அதனால அந்த ட்ரிப்ல கலங்கல் எவ்வளவுன்னு அளந்து சேர்த்து எழுதலேன்னா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. நான் ஒருத்தன் சொல்றேன்னு இல்ல, யார்கிட்ட வேணா கேளுங்க, ரெண்டு வருஷத்து கேட்ச்சை அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சு கிராஃப் போடுறவனை நம்பாதீங்க.

தூண்டில்ராஜா:

சரிய்யா, குஞ்சு விஷயம் ஒத்துக்குறேன். பிரவுன் ட்ரவுட் பெருகுதுன்னு கண்டுபிடிச்சதும் அந்தக் கரண்ட் படகாலதான். அதைப் பிடிச்சு தலையைக் கொண்டு வந்து குடுத்தா காசுன்னு 2020ல ஒரு ஸ்கீம் வந்துச்சு, மொதல்ல மீனுக்கு 25 டாலர். அது மத்த மீனைத் தின்னுற ஜாதி, அதான்.

கேள்விக்குறி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கலை. ஒரு விஷயம் மட்டும் இடிக்குது. இத்தனை பிழை, இத்தனை ரேஞ்ச், இத்தனை "இருந்தாலும்" வச்சுக்கிட்டு இந்த நம்பரை யாரு எதுக்கு யூஸ் பண்றாங்க? சும்மா ரிப்போர்ட் எழுதவா? கூடவே இன்னொண்ணு, நடுவுல ட்ரவுட்டை ஆயிரக்கணக்குல பிடிச்சு எடுத்தாங்கன்னு எங்கயோ படிச்சேன், அது வேலை செஞ்சுதா?

ஆத்தங்கரை_மீனா:

இதைக் கேட்பீங்கன்னுதான் காத்துட்டு இருந்தேன் தம்பி, ஏன்னா இந்த த்ரெட்ல முக்கியமான விஷயமே இதுதான்னு எனக்குத் தோணுது.

நம்பர் ரிப்போர்ட்டுக்கு இல்ல. 1992ல கிராண்ட் கேன்யன் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, அணையை நடத்துறப்ப கீழ இருக்குற ஆத்தையும் பாக்கணும், நீண்டகாலமா கண்காணிக்கணும்னு அதுலயே எழுதிட்டாங்க. அதுக்காகத்தான் 1995ல கிராண்ட் கேன்யன் கண்காணிப்பு ஆராய்ச்சி மையம் வந்துச்சு, இப்போ யூஎஸ்ஜிஎஸ்னு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை கீழ இருக்கு. 2016ல அணையை எப்படி நடத்தணும்னு 20 வருஷத் திட்டம் ஒண்ணு வந்துச்சு, அதுல பெரிய சப் எண்ணிக்கை 9,000க்குக் கீழ போனா ஒரு நடவடிக்கை, 7,000க்குக் கீழ போனா ட்ரவுட் மாதிரி தின்னுற மீனை எடுக்குறது வரைக்கும் போற அடுத்த நடவடிக்கைன்னு கோடு போட்டிருக்கு. புரியுதா, மாடல் 7,200ன்னு சொன்னா ஒரு முடிவு, 6,800ன்னு சொன்னா வேற முடிவு, அதுக்கு நடுவுல இருக்குற வித்தியாசம் ரேஞ்சுக்குள்ளயே அடங்கிப் போற வித்தியாசம். அதனாலதான் தரவுதாசன் மாதிரி ஆளுங்க ரேஞ்ச் ரேஞ்ச்னு கத்துறாங்க.

இப்போ ட்ரவுட் எடுத்த கதை. 2000 வாக்குல சப் எண்ணிக்கை பாதியா கொறைஞ்சு போச்சுன்னு கணக்கு சொல்லிச்சு, ட்ரவுட் அப்போ நிறைய, சப் குஞ்சைத் தின்னும்னு தெரியும். அதனால 2003லேர்ந்து 2006 வரைக்கும் லிட்டில் கொலராடோ சங்கமத்தைச் சுத்தி கரண்ட் படகு வச்சு சுமார் 19,000 ரெயின்போ ட்ரவுட்டை எடுத்தாங்க. சப் ஏறுச்சு, 2001லேர்ந்து 2008க்குள்ள 50 சதவீதம் கூடுச்சு. எல்லாரும் கை தட்டலாம்னு பாத்தா, அதே நேரத்துல வறட்சில லேக் பவல் மட்டம் இறங்கி, அணைலேர்ந்து வர்ற தண்ணி சூடாயிடுச்சு. சூடான தண்ணில சப் நல்லா வளரும். இதுக்கும் மேல, எடுக்காம விட்ட மேல் பகுதிலயும், அவங்க ஒப்பிட்டுப் பாக்க வச்சிருந்த இடம், அங்கயும் ட்ரவுட் தானாவே கொறைஞ்சுது. அப்போ சப் கூடுனது ட்ரவுட்டை எடுத்ததாலயா, தண்ணி சூடானதாலயா? பிரிச்சு சொல்லவே முடியலை. ஆனா ஒண்ணு, அந்த ஒப்பீட்டு இடத்தை மொதல்லயே வச்சு அளந்திருக்கலேன்னா இந்தக் குழப்பமே தெரிஞ்சிருக்காது, ட்ரவுட்டை எடுத்தோம் சப் பொழைச்சுதுன்னு ஈஸியா எழுதிட்டுப் போயிருப்பாங்க, அதை நம்பி இன்னும் எத்தனை ஆயிரம் எடுத்திருப்பாங்களோ.

இதுல மீன் மட்டும் விஷயம் இல்ல. அந்தச் சங்கமம் ஹோப்பி, சூனி, நவாஹோ பழங்குடி மக்களுக்குப் புனிதமான இடம். சூனி மக்கள் நேராவே எதிர்ப்பு சொன்னாங்க, அந்த இடத்துல இவ்வளவு உயிரை எடுக்குறது தப்பு, ட்ரவுட் வெளிலேர்ந்து வந்ததா இருந்தாலும் அதுவும் உயிர்தான்னு. எனக்கு அது நியாயமாத்தான் படுது, மீனை அங்க கொண்டு வந்து விட்டதும் மனுஷன்தானே. அதுக்கப்புறம் வந்த திட்டங்கள்ல கொல்றதுக்கு முன்னாடி குஞ்சை வேற இடத்துக்கு மாத்துறது, சின்ன மீனை வளர்த்து விடுறது மாதிரி வேற வழியை முதல்ல பாக்கணும்னு படிப்படியா வச்சாங்க. ஷினுமோ ஓடைல 2009லேர்ந்து சப்பைக் கொண்டு போய் விட்டாங்க, 2014ல மேல காட்டுத்தீ, சாம்பலோட வெள்ளம் வந்து அங்க இருந்ததை எல்லாம் அடிச்சுட்டுப் போயிடுச்சு. ஹவாசு ஓடைல விட்டது பரவாயில்லாம நின்னுச்சு.

சும்மா_படிப்பேன்:

அக்கா இது தெரியாம பேசிட்டு இருந்தேன். ஆனா அப்போ சூடு நல்லதுன்னு ஆகுதே, அணைத் தண்ணி சூடாகட்டும்னு விட்டுட வேண்டியதுதானே, சப் தானா பெருகிட்டுப் போகுது?

ஆத்தங்கரை_மீனா:

கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்துச்சு. 2014 வாக்குலேர்ந்து கேன்யனோட மேற்குப் பக்கம், முன்னாடி ஒண்ணு ரெண்டுதான் இருந்த இடத்துல, சப் நல்லா பெருகுச்சு. கேன்யனோட கீழ் முனைல இருக்குற லேக் மீட் ஏரி மட்டம் இறங்கி அந்தப் பகுதி மறுபடி ஓடுற ஆறா ஆனதும், தண்ணி கொஞ்சம் சூடானதும் சேர்ந்து உதவுச்சு. 2014ல ரேஸர்பேக் சக்கர் குஞ்சு கூட அங்க கெடைச்சுது, அது கேன்யன்ல போயே போச்சுன்னு நெனைச்ச மீன். 2021ல சப்பை லிஸ்ட்ல ஒரு படி இறக்குனதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனா ஏரி ரொம்ப இறங்குனா வேற வினை. அணைக்கு தண்ணி உள்ள போற குழாய் வாய் ஒரே உயரத்துல இருக்கு. ஏரி மட்டம் அதுக்கிட்ட வர வர, மேல இருக்குற சூடான தண்ணியோட அங்க வாழுற மீனும் உள்ள போய் டர்பைன் வழியா கீழ வந்துடும். ஸ்மால்மவுத் பாஸ்னு ஒரு மீன், லேக் பவல்ல இருக்கு, அது ட்ரவுட்டை விட பல மடங்கு மோசம். கொலராடோவோட மேல் பகுதி ஆறுகள்ல சொந்த மீனை எல்லாம் எப்படித் தின்னு தீர்த்துச்சுன்னு ஏற்கனவே பாத்தாச்சு. 2022 ஜூலைல அணைக்குக் கீழ மூணு மைல் கிட்ட தேங்கி நிக்குற ஒரு வாய்க்கால்ல அதோட குஞ்சு கெடைச்சுது. குஞ்சுன்னா அங்கேயே முட்டை பொரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்தத் தேக்கத்துக்கு மருந்து போட்டு மீனைக் கொன்னாங்க, 2024 கோடைல அணையோட அடி பைபாஸ் குழாய்லேர்ந்து குளிர்ந்த தண்ணிய கலந்து விட்டாங்க, பாஸ் முட்டை போட வேண்டிய சூடு வரக் கூடாதுன்னு. அந்தத் தண்ணி டர்பைன் வழியா போகாது, அவ்வளவும் கரண்ட் நஷ்டம், அந்த முடிவை எடுக்குறப்ப சண்டை கொஞ்ச நஞ்சம் இல்ல.

கேள்விக்குறி:

சரி, கடைசிக் கேள்வி, சத்தியமா. பாஸ் மாதிரி பத்தோ இருபதோ மட்டும் இருக்குற மீனை இந்த டேக் போட்டுக் கணக்கெடுக்குற முறைல பிடிக்க முடியுமா? மறுபடி பிடிக்குறதுக்கு மீனே இல்லையே.

தரவுதாசன்:

முடியாது, சரியா புடிச்சீங்க. பாஸைப் பிடிச்சா டேக் போட்டுத் திருப்பியும் விட மாட்டாங்க, எடுத்துடுவாங்க. அங்க கேள்வியே "எத்தனை"ங்குறது இல்ல, "இருக்கா, எங்க இருக்கா, பொரிக்குதா"ங்குறது. அதுக்குக் கணக்கு வேற. ஒரு இடத்துல ஒரு பாஸ் இருந்தா ஒரு தடவை கரண்ட் போட்டு அது நம்ம கைக்கு வர வாய்ப்பு எவ்வளவுன்னு மொதல்ல தெரியணும். உதாரணத்துக்கு பத்துல மூணுன்னு வைங்க, அப்போ மீன் அங்க இருந்தும் மூணு தடவையும் நம்ம கைல சிக்காம போக மூணுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. பத்துல ஒண்ணுன்னா மூணு தடவை போறது சுத்தமா பத்தாது, பத்து தடவை போனா கூட இருக்குற மீனைத் தவறவிட அதே மூணுல ஒரு பங்கு வாய்ப்பு மிச்சம் இருக்கும். அதனால ஒரே முறையை நம்பாம கரண்ட் படகு, வலை, தண்ணிக்குள்ள முங்கிப் பாக்குறது, தண்ணியை எடுத்து மீனோட டிஎன்ஏ மிதக்குதான்னு லேப்ல பாக்குறதுன்னு எல்லாத்தையும் போடுறாங்க. டிஎன்ஏல ஒரு சிக்கல், மேல ஏரில பாஸ் நிறைய இருக்கு, அதோட டிஎன்ஏ அணை வழியா தண்ணியோடவே வரும், அதனால அணைக்குக் கீழ பாசிட்டிவ்னு வந்தா உடனே குதிக்க முடியாது. அணைலேர்ந்து ரொம்ப தூரம் தள்ளி, ஓடை வாயில வந்தாதான் கவனிக்கணும்.

வலைக்காரன்:

இதோட இன்னொண்ணு சேத்துக்கோ தம்பி. அங்க ராஃப்ட் ஓட்டுற கைடுங்க 2012லேர்ந்து ராத்திரி கேம்ப்ல ஒரு சின்ன லைட்டும் தட்டும் வச்சு வர்ற பூச்சியைப் பிடிச்சு பாட்டில்ல போட்டுக் குடுக்குறாங்க. மீனுக்கு சாப்பாடு அந்தப் பூச்சிதான். அந்த டேட்டாவை வச்சுத்தான் கரண்ட்டுக்காக தண்ணிய ஏத்தி ஏத்தி இறக்குறதுல கரையோரம் ஒட்டுன பூச்சி முட்டை காஞ்சு போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க, 2018ல சனி ஞாயிறு மட்டும் மட்டத்தை ஆடாம வச்சுப் பாத்தாங்க. சப் ஒல்லியா வந்தா, வலைல எண்ணிக்கை சரியாவே இருந்தாலும், பூச்சி பாட்டிலையும் சேர்த்துப் பாக்கணும். எடை எதுக்கு எடுக்குறாங்கன்னு மொதல்ல நீ கேட்கலை, அதுக்குத்தான்.